வழிமொழிய ஆளில்லை

அத்தியாயம் 14

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடிப் பேசி உருவாக்கப்போகிற 'மாணவர் ஆசிரியர் பரஸ்பர ஒழுக்க உடன்படிக்கை', கூடுவதற்கு இரண்டு நாள் முன்பே அச்சாகி, கண்ணாடி போட்டு, தலைமையாசிரியர் அறைச் சுவரில் சாய்ந்து நின்றது. நெய்யாற்றின்கரை பிளக்ஸ் கடையில் அடித்தது. மேலே பள்ளியின் சின்னம். அதைவிடச் சற்றே பெரிய அளவில் தலைமையாசிரியர் சுவாமிதாஸ் சாரின் படம். அதற்குக் கீழே முப்பத்திரண்டு விதிகள்.

முப்பத்தொன்று மாணவர்களுக்கு. ஒன்று ஆசிரியர்களுக்கு: 'ஆசிரியர்கள் மாணவர்களை நேசிப்பார்கள்.'

நேசிக்காவிட்டால் என்ன தண்டனை என்று போடவில்லை.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த சுகிர்தபாய் டீச்சர் விதிகளை அப்போது படிக்கவில்லை. அவள் கண் நேராகக் கடைசி வரிக்குப் போயிற்று. 'முன்மொழிந்தவர்: திரு. ராஜதாஸ், பி.டி.ஏ. தலைவர். வழிமொழிந்தவர்: திருமதி சுகிர்தபாய், ஆசிரியை.'

கூட்டம் பிற்பகல் இரண்டரைக்கு. அவள் அதற்குள் வழிமொழிந்துவிட்டாள். செய்தி அவளுக்குத்தான் தாமதமாக வந்திருக்கிறது.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ராஜதாஸ் அவளுடைய புருஷன். வெள்ளறடையில் ரப்பர் ஷீட் கடை. வியாபாரம் வயிற்றுக்கு, ஆன்மாவுக்கு மினிட் புத்தகம். சபைக் கமிட்டியில் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர், கூட்டக் குறிப்பு எழுதுவது அவர்தான். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டதில், வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் குடும்பக் கூட்டம் நடத்துகிறார். மிக்சி மாற்றுவதும், மகன் அஜீஷின் முடியை வெட்டுவதும் அங்கே தீர்மானமாகத்தான் வரும். முன்மொழிபவர் ராஜதாஸ். வழிமொழிபவர் சுகிர்தபாய். இருபத்தொரு வருடம், மூன்று புத்தகம், ஒரு பக்கத்தில்கூட வேறு பெயர் கிடையாது.

போன வாரம் விட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பிள்ளைகள் கையில் போன் இருக்கக்கூடாது என்பது பள்ளியின் கொள்கை. ஆகவே குரூப்பில் இருப்பது பெற்றோர்களின் எண்கள். ஆகவே பெற்றோர்களின் போன்கள் இருப்பது பிள்ளைகளின் கையில். ராஜதாஸின் மகள் மினியும் அம்மாவின் எண்ணில்தான் இருக்கிறாள்.

இயற்பியல் எடுக்கும் ஜெயசிங் சார், ஸ்வப்னா என்ற பெண்ணின் விடைத்தாளைப் படமெடுத்து, அவள் வாங்கிய நாலு மார்க்கைச் சிவப்பில் வட்டமிட்டு, 'வருங்கால விஞ்ஞானி' என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சிகள் மூன்றோடு குரூப்பில் போட்டார். நாற்பத்தொரு வீட்டில் அது திறந்தது. மறுநாள் ஸ்வப்னா வரவில்லை.

அன்று சாயங்காலம் அதே குரூப்பில் இன்னொரு படம். பாடக்குறிப்பு என்று ஜெயசிங் சாரே முன்பு போட்டிருந்த கரும்பலகை. ஓம் விதியில் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருந்தார். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'வருங்கால ஆசிரியர்.'

வந்த எண் சுகிர்தபாய் டீச்சருடையது. செய்தவள் மினி என்று ஊரே முடிவுகட்டியது. மினி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜெயசிங் சார் பிடிவாதம் பிடித்ததில் ஐந்து நாளாக அவளுக்கு வகுப்பில் இடமில்லை. லைப்ரரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அசெம்பிளியில் மன்னிப்புக் கடிதம் வாசித்தால் வகுப்பு. வாசிக்காவிட்டால் வியாழக்கிழமை தொடங்கும் மாடல் பரீட்சை கிடையாது. 'அறியாப் பருவத்தின் அவசரத்தால் உந்தப்பட்டு' என்று ஆரம்பிக்கும் அந்தக் கடிதம் நாலு பாரா. எழுதியவர், வேறு யார், ராஜதாஸ்.

படத்தில் வட்டம் போட்டது மினிதான். ஆனால் அவள் அதை அனுப்பவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அப்போது போனை எடுத்த சுகிர்தபாய், ஸ்வப்னாவின் தாளைப் பார்த்தாள். அடுத்து, அனுப்பக் காத்திருந்த கரும்பலகையைப் பார்த்தாள். பச்சை அம்பை அழுத்தியது அவளுடைய பெருவிரல்.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர். சுகிர்தபாய், மினி, நீங்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியர் போன் செய்தபோது அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜதாஸ், "அது எனக்க மவளாக்கும் சார், நடவடிக்கை எடுக்கியதுக்கு எனக்கு ஆட்சேபமில்லை" என்று பெருந்தன்மையைக் காட்டிவிட்டார். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. ஐந்தாம் நாள் சொல்லாமலிருப்பதே ஒரு வேலைபோல ஆகிவிட்டது.

மதிய இடைவேளையில் சுகிர்தபாய் லைப்ரரிக்குப் போனாள். மினி சோற்றுப் பாத்திரத்தை மூடியபடியே வைத்திருந்தாள். பக்கத்தில் கடிதம்.

"வாசிச்சுப் பாத்தியா மக்ளே?"

"பாத்தேன். 'உந்தப்பட்டு'ன்னா என்ன அர்த்தம் அம்மா?"

"தள்ளிவிட்டதுன்னு."

"அது செரியாத்தான் எழுதியிருக்காரு அப்பா. ஆரோ தள்ளித்தான் விட்டாங்க." மினி கடிதத்தை நாலாக மடித்துப் பாத்திரத்தின் அடியில் வைத்தாள். "ஞான் வாசிக்கமாட்டேன். எழுதினவிய வாசிக்கட்டு. டிசி தந்தா நெய்யாற்றின்கரையில போய்ச் சேருவேன்."

"பரீட்சை?"

"அம்மை போங்க. மணி அடிக்கப்போவுது."

அவள் ஒருமுறைகூட 'நீங்கதானே' என்று கேட்கவில்லை. அதுதான் சுகிர்தபாயைக் கொன்றது.

இரண்டரைக்கு ஹாலில் அறுபது பெற்றோர் வரை கூடினார்கள். டீ, பருப்புவடை. சுவரில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள். மாணவர் பிரதிநிதிகளாகத் தீபுவும் ஸ்வப்னாவும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பங்கு கைதட்டுவது. ஆனால் தீபுவின் கையில் ஒரு கட்டுரை நோட்டு இருந்தது. காலையில் அவன் அதைச் சுகிர்தபாயிடம் காட்டியிருந்தான்; மற்ற யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சுவாமிதாஸ் சார் இருபது நிமிடம் பேசினார். ஒழுக்கம் என்றார், சைபர் உலகம் என்றார், தன் காலத்தில் ஆசிரியரைக் கண்டால் மாணவர்கள் தோட்டுத் தண்ணீரில் குதித்து ஒளிந்துகொள்வார்கள் என்றார். அதை ஒரு நல்ல விஷயமாகவே சொன்னார். கடைசியில், "எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டால் கண்ணாடியை மாட்டிவிடலாம்" என்றார்.

கைகள் உயர்ந்தன. ராஜதாஸ் எழுந்து கையமர்த்தினார்.

"கைதட்டு போராது சார். நாளைக்கு ஒருத்தனும் கேள்வி கேக்கப்பிடாது. சபையிலயானாலும் செரி, சர்க்காரிலயானாலும் செரி, தீர்மானம்னா முன்மொழிய ஒராள், வழிமொழிய ஒராள் வேணும். முன்மொழியது பெற்றோர்னா வழிமொழியது ஆசிரியர். ஆசிரியர் முன்மொழிஞ்சா பெற்றோர் வழிமொழியணும். வழிமொழிய ஆளில்லேங்கி தீர்மானம் விழுந்து. இது எனக்க சொந்த அபிப்பிராயமில்லை. முறையாக்கும்."

"அது வேணுமா?" என்று சுவாமிதாஸ் சார் மெல்லக் கேட்டார். வடை ஆறிக்கொண்டிருந்தது.

"வேணும் சார். நான் முன்மொழிகிறேன்." மினிட் புத்தகத்தைத் திறந்துவிட்டால் ராஜதாஸுக்கு அச்சுத் தமிழ்தான் வரும். "ஆசிரியர் தரப்பில் வழிமொழிபவர்?"

கேட்டபடியே 'வழிமொழிந்தவர்: சு' வரை எழுதியும்விட்டார். சுகிர்தபாய் எழுந்தாள்.

"ஞான் வழிமொழியல்லை."

ராஜதாஸின் பேனா 'சு'வின் வாலிலேயே நின்றது.

"டீச்சரே," என்றார் சுவாமிதாஸ் சார், "பேரு அச்சடிச்சாச்சு."

"எனக்கிட்ட கேட்டிட்டா அடிச்சிய சார்?"

"டீச்சருக்க ஹஸ்பெண்டு சொன்னாரே!"

"அவிய சொல்லுவாவ. இருபத்தொரு வருசமா அவியதான் சொல்லியாவ." பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கிக்கொண்டார். சுகிர்தபாய் திரும்பவில்லை. தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். கரும்பலகைப் படத்தைக் குரூப்புல அனுப்பினது மினி இல்லை. ஞானாக்கும்."

ஹாலில் வடை மெல்லும் சத்தம்கூட நின்றது.

"பிள்ளையைக் காப்பாத்துறதுக்காகப் பொய் சொல்லுதீங்க," என்றார் ஜெயசிங் சார்.

"இல்லை சார். அஞ்சு நாளா பிள்ளைதான் என்னைக் காப்பாத்திட்டு இருக்கு. வட்டம் போட்டது அவ. அனுப்பாம வச்சிருந்தா. எடுத்து அனுப்பினது ஞான். கோவம். ஸ்வப்னாவுக்க பேப்பரை நீங்க போட்டது தப்பு. ஞான் திருப்பிப் போட்டதும் அதே தப்பாக்கும். இந்தக் கண்ணாடியில முப்பத்திரண்டு விதி உண்டு. நீங்க செய்ததும் ஞான் செய்ததும் அதுல ஒரு வரியிலயாவது உண்டா? பிள்ளைகளுக்க முடிக்கு மட்டும் நாலு விதி உண்டு."

ஜெயசிங் சாரின் முகம் சிவந்துபோனது. "எனக்க மவன் ஏழாங்கிளாசு. அந்தப் படத்தைப் பாத்திட்டு வீட்டுல வச்சு என்னைப் பாத்துச் சிரிச்சான் டீச்சர். தெரியுமா?"

"தெரியாது சார். அதுக்கு மன்னிப்புக் கேக்கேன்." அதைச் சொல்வதற்கு அவளுக்கு நாலு பாரா தேவைப்படவில்லை.

சுவாமிதாஸ் சார் மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். "வேற ஆராவது வழிமொழியுங்க."

ஆசிரியர்கள் டீயைப் பார்த்தார்கள். கணக்கு சரோஜம் டீச்சர்தான் வாயைத் திறந்தாள். "கண்ணாடியில சுகிர்தபாய்க்க பேரு கிடக்கே சார். அதுக்க கீழ ஞான் எங்ஙன வழிமொழியது? கண்ணாடியைப் பொளிச்சுப் பேரை மாத்தணுமே."

எல்லோரும் ராஜதாஸைப் பார்த்தார்கள். முறை அவருடையது. அவர் எழுதியிருந்த 'சு'வை அடித்தார். தொண்டையைச் செருமினார்.

"வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் விழுந்தது."

இந்த மனிதரைப் பற்றிப் பதின்மூன்று வாரமாக என்னென்னவோ எழுதியிருக்கிறேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முறை தன்னையே மிதித்தாலும் மிதித்த தேதியையும் நேரத்தையும் சரியாகக் குறித்துக்கொள்கிற ஆள்.

"அப்பம் ஞான் ஒண்ணு முன்மொழியுறேன்," என்றாள் சுகிர்தபாய். "தீபு, அந்த நோட்டை வாசி மக்கா."

தீபு எழுந்தான். குரல் பாதி பையனுக்கும் பாதி ஆளுக்குமாக வந்தது.

"'பத்து பி எழுதினது. சார்மாரும் நாங்களும் சேந்து கடைப்பிடிக்கியதுக்கு. ஒராளுக்க தப்பை, அது பேப்பரானாலும் போர்டானாலும், படமெடுத்துக் குரூப்புல போடப்பிடாது. மார்க்கு தனியாச் சொல்லணும். கிளாஸ் நடக்கும்போ போன் எடுக்கப்பிடாது, சாருக்க போனும் அப்படித்தான். எருமை, மண்டன்னெல்லாம் விளிக்கவேண்டாம். பேரு உண்டு. நாங்களும் சார்மாருக்கு வச்ச பட்டப்பேரை விட்டிருவோம்...'"

"என்ன பட்டப்பேரு?" என்றார் சுவாமிதாஸ் சார்.

"அதை விட்டாச்சு சார்," என்ற தீபு மேலே படித்தான். "'ராத்திரி எட்டு மணிக்குப் பொறவு வீட்டுப்பாடம் அனுப்பப்பிடாது. நாங்க டவுட்டும் கேக்கமாட்டோம். தப்பு செய்தவிய, பிள்ளையானாலும் சாரானாலும், அந்தக் கிளாஸ்லயே எழும்பி நிண்ணு சொல்லணும். சொன்னா அதோட தீந்து. அசெம்பிளியில வச்சு வாசிப்பிக்கப்பிடாது. கிளாஸ்ல இருந்து ஆரையும் வெளியே இருத்தப்பிடாது.'"

"முன்மொழிந்தவர் ஆசிரியர்," என்றார் ராஜதாஸ் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல். "பெற்றோர் தரப்பில் வழிமொழிபவர்?"

யாரும் அசையவில்லை. பிள்ளைகளின் இன்டர்னல் மார்க்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பின்வரிசை எப்படி அசையும்? சுகிர்தபாய் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்தது, வழிமொழிய ஆளில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று.

சுவாமிதாஸ் சார் கண்ணாடியின் பக்கம் கையை நீட்டினார்.

"ஞான் உண்டு."

கடைசி வரிசையில் ஒரு பெண். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிற லேகா, ஸ்வப்னாவின் அம்மா. காலை வெட்டு முடிந்து பாலும் எடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். கை விரல்களில் பால் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு முன்மொழியதும் பின்மொழியதும் ஒண்ணும் தெரியாது. அது எனக்க மவளுக்க பேப்பராக்கும். ரெண்டு நாளு அவ சோறு தின்னல்லை. நாலு மார்க்கு வாங்கினா. செரி, அடுத்த தடவை எட்டு வாங்குவா. அதுக்கு நாப்பது வீட்டுல காட்டணுமா சார்? எனக்க மொதலாளிகூட மரத்துல வெட்டு பிழைச்சா என்னைத் தனியா விளிச்சுத்தான் சொல்லுவாரு. அந்தப் பையன் வாசிச்சதுக்கு ஞான் உண்டு. எனக்க பேரை எழுதுங்க."

ராஜதாஸ் எழுதினார். கைகளை எண்ணினார்; இரண்டாம் தடவையும் எண்ணினார். ஆதரவு முப்பத்தெட்டு. எதிர்ப்பு பதினொன்று. மீதிப் பேர் வடையைப் பிடித்திருந்ததால் கையைத் தூக்க முடியவில்லை.

"நிறைவேறியது," என்றார்.

நோட்டின் கீழே முதல் கையெழுத்தைச் சுகிர்தபாய் போட்டாள். அடுத்து சரோஜம் டீச்சர், பிறகு இன்னும் ஐந்து பேர். ஜெயசிங் சார் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை. வெளியே போய்விட்டார்.

சுவாமிதாஸ் சார் சுகிர்தபாயைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், சக ஆசிரியரை அவமானப்படுத்தினதுக்கு மானேஜ்மென்ட்ல இருந்து நோட்டீஸ் வரும். அதை என்னால தடுக்க முடியாது."

"வரட்டு சார். பதிலை எழுதித் தாறேன். அதுக்கு முன்னே நாளைக்கு ரெண்டாம் பீரியடு பத்து பி-யில எழும்பி நிண்ணு சொல்லிட்டு வாறேன். நோட்டுல அப்படியாக்கும் எழுதியிருக்கு."

"ரெண்டாம் பீரியடு ஜெயசிங் சாருக்க கிளாஸ்!"

"தெரியும் சார்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த மினி பெரிய பாலம் வரை பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று சுகிர்தபாய் நினைத்துக்கொண்டாள். ஒரு தாய் தன்னைப் பற்றி எவ்வளவு நல்லபடியாக நினைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவும் அந்தப் பாலம் வரை நினைத்துக்கொண்டாள்.

"அம்மை நினைச்சது, ஞான் பயந்து அனுப்பாம வச்சேன்னு. இல்லியா?"

"பயமில்லியா பின்னே?"

"இல்லை. வட்டம் போட்டப்ப நல்ல சொகமா இருந்து. பொறவு பாத்தேன். சார் செய்ததும் இதும் ஒண்ணுபோலத்தான் இருந்து. குளிச்சிட்டு வந்து அழிக்கலாம்னு வச்சேன். வாறதுக்குள்ள அம்மை வீரம் காட்டியாச்சு." காற்றில் அவள் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து போயிற்று. "இண்ணைக்கு எல்லாரும் டீச்சருக்கு என்ன தைரியம்னு சொல்லியாவ. அஞ்சு நாளு லைப்ரரியில இருந்தது ஞானாக்கும்."

சுகிர்தபாய் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மினியின் மடியிலிருந்த திறக்காத சோற்றுப் பாத்திரத்தை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டாள். மறுபடி ஓட்டினாள்.

வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மேசைக்கு வந்தபோது ராஜதாஸும் மினிட் புத்தகத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல. அவசரக் கூட்டம்.

"தீர்மானம். இக்குடும்பத்தின் தலைவருக்குப் பொதுச்சபையில் நேர்ந்த மானக்கேட்டுக்காக சுகிர்தபாய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். முன்மொழிந்தவர் ராஜதாஸ்." சற்று நிறுத்தி, "வழிமொழிபவர்?" என்றார். அந்தக் கேள்வியை அந்த மேசையில் அவர் கேட்டு இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது.

சுகிர்தபாய் மீனில் முள் எடுத்தாள். மினி சுவரைப் பார்த்தாள். எல்லோரும் அஜீஷைப் பார்த்தார்கள். பாறசாலையில் மொபைல் கடையில் வேலை பார்க்கிற அஜீஷ் வாய் நிறையக் கிழங்கோடு, "என்னைப் பாக்காண்டாம். எனக்க முடியை வெட்டினது இந்தக் கமிட்டியாக்கும்," என்றான்.

ராஜதாஸ் எழுதினார். "வழிமொழிய ஆளில்லை. விழுந்தது." மூடப்போனார்.

"எனக்கு ஒரு தீர்மானம் உண்டு," என்றாள் மினி. "அம்மைக்க போன்ல எனக்குள்ளது எது வந்தாலும், ஞான் எழுதி வச்சது எது கிடந்தாலும், எனக்கிட்ட கேக்காம அம்மை தொடப்பிடாது. நல்லதுக்குன்னாலும் தொடப்பிடாது."

சுகிர்தபாய் எடுத்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வழிமொழிய வேண்டியது தான்தான் என்று தெரிந்தது. வாயும் திறந்தது. ஆனால் முந்திக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"வழிமொழியுறேன்."

ராஜதாஸ். தலை நிமிரவில்லை. தன் பெயரை இதுவரை எழுதாத இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

"ஆதரவு?" என்றார். சுகிர்தபாயின் கைதான் முதலில் உயர்ந்தது.

மசி காய்வதற்குள் மேசைமேல் போன் அதிர்ந்தது. பத்து பி குரூப். ஜெயசிங் சாரின் குரல் பதிவு, ஒரு நிமிடம் நாற்பது விநாடி. மன்னிப்பா, மானேஜ்மென்டுக்குச் சொன்னதன் நகலா, வெளியே தெரியவில்லை. சுகிர்தபாயின் பெருவிரல் தானாக நீண்டது. பாதியில் நின்றது. மகளைப் பார்த்தாள்.

"கேக்கட்டா மக்ளே?"

மினி போனைத் தன் பக்கம் இழுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு முதல்முறையாகத் தட்டைத் தன்முன் நகர்த்திக்கொண்டாள்.

"தின்னிட்டு கேக்கலாம். அஞ்சு நாளு என்னை வெளியே இருத்தினாரில்லியா? அஞ்சு நிமிசம் சாரும் அங்ஙன இருக்கட்டு."